எமகண்டத்தில் தின்ற மைசூர்பாகு

என் மாமாவுக்கு அல்சர் என்றுதான் நாங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, திருப்பூரில் நெருப்பெரிச்சல் என்கிற பகுதியில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கட்டிங் மாஸ்டராகப் போய்வந்தவர். உண்மையில் அவருக்கு இருந்தது சர்க்கரை. அதுவும் மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை அல்ல, இருபது வயதிலேயே வந்து ஊசியில் கொண்டுபோய் நிறுத்திய சர்க்கரை. கல்யாணம் ஆகாத பையனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் எந்தப் பெண் வீட்டாரும் வாசல்படி மிதிக்க விடமாட்டார்கள் என்பது அம்மாவின் கட்சி. அல்சர் அப்படியல்ல. திருப்பூரில் அது கிட்டத்தட்ட வேலை பார்த்ததற்கான சான்றிதழ். டீயையும் பன்னையும் தின்றுவிட்டு ஒன்றரை ஷிப்ட் நிற்கிறவர்களில் வயிற்றைப் பிடித்துக்கொள்ளாதவர் யார்? அல்சர் என்று சொன்னால் பையன் உழைப்பாளி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அதை முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. மாமாவின் வயிறு நிஜமாகவே அவர் பேச்சைக் கேட்காது. காலையில் தின்ற இரண்டு இட்லி மத்தியானம் வரை நெஞ்சுக்குக் கீழே அப்படியே உட்கார்ந்திருக்கும். இரண்டு வாய் சோறு போனதும் வயிறு கல்லாகிவிடும். ஏப்பம் ஏப்பமாக விடுவார். சில நாள் மதியம் குளியலறைக்கு ஓடிக் காலையில் தின்றதை வாந்தியெடுப்பார். அம்மா அதை வாய்வு என்றார். இஞ்சிச்சாறு, ஓமத்தண்ணீர், பூண்டு ரசம் என்று தன் கையில் இருந்த எல்லா வைத்தியத்தையும் அவர் மேல் செய்து பார்த்தார். கடைசியில் ஒரு டாக்டர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். சர்க்கரை பல வருஷமாக ஏறி இறங்கி, வயிற்றை அசைக்கிற நரம்புகளே மந்தமாகிவிட்டனவாம். ஊசி தன் நேரத்துக்கு வேலை செய்துவிடும், சோறு தன் இஷ்டத்துக்குத்தான் இறங்கும். அதனால் முதலில் சர்க்கரை படாரென்று கீழே போகும், நாலு மணி நேரம் கழித்து அதுவே மேலே போய் நிற்கும்.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் புரியவில்லை. “என்ற வயிறு தூங்கிப் போகுது கண்ணு” என்று மாமா சொன்னது மட்டும் புரிந்தது. குறட்டை கேட்கிறதா என்று அவர் வயிற்றில் காதை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை கீழே போகும்போது என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே குளுக்கோஸ் பொடியை வாயில் போட வேண்டும். கம்பெனியில் அவர் பார்த்தது அடுக்கி வைத்த துணியின் மேல் மெஷின் கத்தியை ஓட்டுகிற வேலை. கை துளி நடுங்கினால் அறுபது பனியனும் ஒரே மாதிரி கோணலாகிவிடும். அதனால் லேசாகத் தலை கிறுகிறுத்தாலே மெஷினை நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, பொடியை வாயில் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். கூட வேலை பார்த்த பீகார்ப் பையன்கள் மாஸ்டருக்கு பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து இடங்கள் பேசி ஐந்தும் நின்றுபோயின. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு புண்ணியவான் பெண் வீட்டில் போய் ஊசி விஷயத்தை அவிழ்த்துவிட்டான். ஆறாவது இடம் வெள்ளகோவில் பக்கத்தில் வந்தது. பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது, ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். மாமாவுக்கு முப்பத்தொன்று. போட்டோவைப் பார்த்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதுவரை எந்தப் போட்டோவையும் அவர் அப்படி வைத்துக்கொண்டதில்லை.

“அந்தப் புள்ளகிட்டயாச்சும் சொல்லீரோணும்க்கா” என்றார் அம்மாவிடம்.

“கல்யாணம் முடியட்டும்டா, சொல்லிக்கலாம்” என்றார் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது. அம்மா முடித்துவிட்ட பேச்சை மறுபடி தொடங்க எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கக் கிளம்பினோம். அன்றைக்கு அம்மா போட்டிருந்த கணக்கைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சனத்தில் பெண் பார்க்கப் போனால், சம்மதம் சொல்லும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. பலகாரத் தட்டு முன்னால் வரும், பார்க்கலாம், தொடக் கூடாது. பெரியவர்கள் கூடி “சரிங்க” என்று சொன்ன பிறகுதான் தட்டில் கை வைப்பார்கள். கை வைத்துவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும், அப்புறம் பின்வாங்குவது மரியாதைக்கேடு. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம், அப்போது நல்ல வார்த்தை பேசக் கூடாது. ஆகையால் பதினொன்றே முக்காலுக்குள் சம்மதம் சொல்லிவிட வேண்டியது, பன்னிரண்டுக்கு இலையில் உட்கார்ந்துவிட வேண்டியது. மத்தியான ஊசியைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். பெண் வீட்டில் வைத்துப் போட முடியுமா? எனவே வழியில் ஒரு பெட்ரோல் பங்கின் கழிப்பறையில் போட்டுக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. சாமி, ஊசி, சோறு மூன்றையும் அம்மா ஒரே நூலில் கோத்துவிட்டார்.

அவசரத்துக்கு வேண்டிய குளுக்கோஸை யார் வைத்துக்கொள்வது? மாமாவுக்கு வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள், சட்டையோ மெல்லிய வெள்ளை. பையில் என்ன வைத்தாலும் வெளியே தெரிந்தது. போட்டோவைக்கூட அம்மா எடுத்துவிட்டார். அம்மாவின் கைப்பையை அங்கே பெண்கள் பிரித்துப் பார்த்தாலும் பார்ப்பார்கள். கடைசியில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பொடியை மருந்துக்கடைப் பொட்டலம் போல மடித்து, என் கழுத்தில் தொங்கிய சின்னப் பர்ஸில் வைத்தார்கள். மாமா காதைத் தொட்டால் நான் போய்க் கொடுக்க வேண்டும். “இது உன்ற பொறுப்பு அம்மிணி” என்று மாமா சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. காரில் காங்கயம் தாண்டும் வரை அந்தப் பெருமை நின்றது.

குளுக்கோஸ் பொடியைச் சின்ன வயதில் நக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாக்கில் வைத்ததும் ஜில்லென்று கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். ஒன்றுமில்லாமல் போய்விடுவதால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இருக்கும். அப்பா காரை ஓட்ட, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து யாரிடம் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாமா பங்கில் இறங்கி ஊசி போட்டுக்கொண்டு வந்து, வயிற்றைத் தடவியபடி கண்ணை மூடியிருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, விரல் நுனியை நனைத்துத் தொட்டுத் தொட்டு நக்கினேன். கொஞ்சம் மிச்சம் வைப்பதாகத்தான் இருந்தேன். வெள்ளகோவில் வந்தபோது காகிதம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதைப் பழையபடி அழகாக மடித்து வைத்தேன். அதுவரை என் கண்முன்னே மாமாவுக்கு வெளியூரில் எதுவும் ஆனதில்லை, அன்றைக்கும் ஆகாது என்று நம்பினேன்.

பெண் வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. பெண் வந்து வணங்கிவிட்டு உள் கதவோரம் போய் நின்றது. பிற்பாடு எனக்கு அத்தையாகப் போகிறவர். அப்போதைக்குப் பச்சைப் பட்டுப்புடவை கட்டிய ஒல்லியான பெண், அவ்வளவுதான். தட்டுகளில் மைசூர்பாகும் முறுக்கும் வந்தன. ஆனால் சம்மதம் பேச வேண்டிய பெண்ணின் பெரியப்பா வரவில்லை. கன்று வாங்கப் போனவர் ஏதோ பேரத்தில் மாட்டிக்கொண்டார். இதோ வந்துவிடுவார் என்றார்கள். பதினொன்றே முக்கால் ஆயிற்று. பன்னிரண்டு அடித்தது. எமகண்டம் பிறந்துவிட்டது.

இனி ஒன்றரை வரை யாரும் எதுவும் பேசுவதற்கில்லை, தின்பதற்கும் இல்லை. இருபது பேர் மைசூர்பாகைப் பார்த்தபடி உட்கார்ந்து மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசினார்கள். அம்மாவின் முகம் மட்டும் கடிகாரத்துக்கும் மாமாவுக்குமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு மாமா காதைத் தொட்டார்.

போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் மறுபடி தொட்டார். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. எழுந்து போய்ப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். நடுங்குகிற விரலால் பிரித்தார். வெறும் காகிதம். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் தாங்க முடியாது.

பிறகு கையை நீட்டி, தட்டிலிருந்து ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சம்மதம் சொல்லவில்லை, பெரியப்பா வரவில்லை, நடு எமகண்டம், மாப்பிள்ளை பலகாரம் தின்கிறார். அதுவும் ஒன்றோடு நிற்கவில்லை. இரண்டாவதை எடுத்தார். மூன்றாவது பாதி வாயிலும் பாதி வேட்டியிலுமாகப் போயிற்று. யாரோ ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் அம்மா எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், “அல்சருங்க, வெறும் வயிறு ஆகாதுங்க” என்றார். மாமா கண்கள் எங்கேயோ நிலைகுத்தி இருந்தன. தின்றதெல்லாம் அந்தத் தூங்கிப்போன வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டதே தவிர, ரத்தத்துக்கு வந்து சேரவில்லை.

உள் கதவோரம் நின்ற பெண் விடுவிடுவென்று நடந்து கூடத்துக்கு வந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் அப்படி நடக்கக் கூடாது, நடந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, விபூதி வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார்.

“மைசூர்பாகு நெய்யுங்க, சட்டுனு ஏறாதுங்க. கையை நீட்டுங்க.”

டப்பாவைக் கவிழ்த்து மாமாவின் உள்ளங்கையில் கொட்டினார். வெள்ளைப் பொடி. அது என்ன என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. காலையிலிருந்து என் நாக்கு முழுக்க அதுதானே. பொடியை வாயில் போடச் சொல்லி, தண்ணீர்ச் சொம்பையும் அந்தப் பெண்ணே பிடித்துக்கொண்டார். மாமா நாலைந்து நிமிஷத்தில் மனுஷனாக நிமிர்ந்தார்.

“ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?” என்றார் பெண்ணின் அம்மா.

என் அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார். “அல்சர் இல்லீங்க. எனக்குச் சர்க்கரைங்க. பத்து வருசமா ஊசி போட்டுட்டு இருக்கறனுங்க. சொல்லாம வந்தது தப்புத்தானுங்க.”

பெண்ணின் அம்மா எழுந்து, மகள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கதை முடிந்தது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துபோயிற்று. அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பா கார்ச் சாவியைத் தேடினார். ஆறாவது இடமும் போயிற்று, போக்கினது நான். இனி மாமாவுக்குக் கல்யாணமே ஆகாது, கிழவரான பிறகும் சுவரைப் பார்த்துத் தனியாகத்தான் நிற்பார் என்று நினைத்து, அங்கேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன்.

ஒன்றே காலுக்குப் பெரியப்பா வந்தார். வேட்டியில் சாணிக்கறையோடு வந்தவரை உள்ளே அழைத்துக் கொண்டுபோய் ரொம்ப நேரம் ஏதோ பேசினார்கள். வெளியே வந்தவர் மாமாவின் தட்டைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று முப்பத்திரண்டு.

“தட்டுல கை வெச்சாச்சல்லோ, அப்பறம் என்னத்தைப் பேசறது? எலையப் போடுங்க” என்றார்.

எங்களுக்கு நம்ப முடியவில்லை. சாப்பாட்டுக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் ஐந்து நிமிஷம் தனியாகப் பேசட்டும் என்று கிணற்றுப் பக்கம் அனுப்பி, தனியாக அனுப்பியதாக இருக்கக் கூடாது என்பதற்காக என்னையும் கூட அனுப்பினார்கள். பத்தடி தள்ளி நின்றேன். எனக்கு அவர்கள் பேச்சில் அக்கறை இல்லை. அந்தப் பிளாஸ்டிக் டப்பா இப்போது என் கையில் இருந்தது. மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். நடுவில் ஒருமுறை மாமா வாய்விட்டுச் சிரித்தார். வயிறு சரியில்லாத அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய ஒரே பேச்சு அதுதான், பக்கத்தில் நின்றும் நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் அம்மா அவர்கள் பெருந்தன்மையைப் பாடிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு குறைதான் அம்மாவுக்கு. விருந்தாளிகள் இலையில் உட்காரும் முன்பே பெண் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டதாம். “அத்தன பசியா அந்தப் புள்ளைக்கு?” என்று இரண்டு முறை கேட்டார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்த மறுவாரம், மாமா தனிக்குடித்தனம் போன வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்த அம்மா, கதவுத் தட்டில் ஊசி மருந்து டப்பா இரண்டு இருப்பதைப் பார்த்தார். ஒன்றில் மாமா பெயர், இன்னொன்றில் அத்தையின் பெயர். பெண்ணுக்குத் தைராய்டு என்று பெண் வீட்டார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்களாம். கிணற்றடியிலேயே அத்தை மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார். “கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கலாம்னு நீதானக்கா சொன்ன” என்றார் மாமா. அம்மா பத்து நாள் அவரோடு பேசவில்லை. பதினோராவது நாள் ஓமத்தண்ணீரை இரண்டு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார்.

இன்றைக்கு நெருப்பெரிச்சலில் அவர்கள் வீட்டில் கடிகாரம் பார்த்துத்தான் அடுப்பு எரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கு வேர்த்தால் இன்னொருவர் டப்பாவைத் திறக்கிறார். மாமாவின் வயிறு இப்போதும் சில நாள் தூங்கிப் போகிறது. அன்றைக்கு அத்தையும் அவரோடு கஞ்சி குடித்துக்கொள்கிறார். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம், பொட்டலத்தை நக்கிய கழுதை நான்தான் என்பதை அவர்கள் எனக்கு ஞாபகப்படுத்தாமல் அனுப்புவதில்லை. அதை வைத்து என்னைக் கேலி செய்யட்டும். அவர்கள் சொல்லாத இன்னொன்று இருக்கிறது.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிச் சாப்பாட்டை நம்பி ஊசி போட்டுக்கொண்டவர் மாமா மட்டும் அல்ல. அத்தைக்கும் அவருடைய அம்மா பதினொன்றரைக்குப் போட்டுவிட்டிருந்தார். இது எனக்குத் தெரிந்தது காலேஜ் படிக்கும்போது, அத்தை வேறேதோ பேச்சில் சொல்லி. அந்தப் பெண்ணுக்கும் சீனி டப்பாவுக்கும் நடுவே அடுக்களை நிறையச் சொந்தக்காரிகள் நின்றிருந்த வீட்டில், முடிச்சில் இருந்த அந்தப் பொடி மட்டும்தான் அவரிடம் இருந்தது.

அதை மாமாவின் கையில் கொட்டிவிட்டு, தண்ணீரும் கொடுத்துவிட்டு, அவர் போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக இருந்தது. சற்றுமுன் மாமா முகத்தில் பார்த்த அதே வேர்வைதான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பொண்ணுக்கு வெட்கம் என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அவர் கையில் இருந்த டப்பாவின் மூலையில் கொஞ்சம் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன். ஒரு கணம் டப்பாவைப் பார்த்துவிட்டு, அவர் அதை என்னிடம் கொடுத்துவிட்டார்.